ஒன்பது ஓட்டை

உக்காருங்க டாக்டர். அந்த நாற்காலி வேணாமுங்க, கால் ஆடும். இப்படி வாங்க. காப்பி வரட்டும், அதுக்குள்ள சாமானைப் பாத்துருவோம்.

நஞ்சப்பன் ஏதாச்சும் சொல்லியிருப்பானே? கிளப்புல புதுசா யாரு சேந்தாலும் முதல்ல அவன்கிட்டத்தான் போய் நிப்பாங்க. நாச்சிமுத்து துப்பாக்கியை மட்டும் வாங்கிராதீங்கன்னு சொல்லியிருப்பான். சொல்லலைங்களா? ஒண்ணுமே சொல்லலையா? அது சரி. இருபது வருசச் சிநேகிதம் எங்களுது. பதினாறு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லை. அது வேற கதை. துப்பாக்கியைப் பாருங்க.

ஒத்தைக் குண்டு. நீங்க போன்ல மேகசீன் வெச்சது தேவலையான்னு கேட்டீங்க. குறி சுடறதுக்கு அது ஆகாதுங்க. உள்ள அஞ்சு குண்டு இருக்குதுன்னா மனசும் அஞ்சாப் பிரிஞ்சுக்கும். ஒண்ணு தப்புனா இன்னொண்ணு இருக்குதேன்னு தோணும். இதுல அந்தப் பேச்சே இல்லை. ஒண்ணை எடுக்கோணும், விரல்ல துடைக்கோணும், உள்ள வெக்கோணும், போல்ட்டைத் தள்ளி அடைக்கோணும். சுட்டதும் திறந்தா காலித் தோட்டாக் கூடு துள்ளி வெளிய விழும். அதுக்கப்பறந்தான் அடுத்தது. ஒவ்வொண்ணுக்கும் நாமதான் ஜவாப்பு. எந்தக் குண்டு எங்க போச்சுன்னு தெரியாமப் போறதுக்கு வழியே இல்லைங்க.

கையில வாங்குங்க. கனமா இருக்குதா? அஞ்சு கிலோவுக்கு மேல. கனம் நல்லது, ஆடாது. இப்பக் கண்ணை மூடிக்கிட்டு கன்னத்தைக் கட்டையில வெய்யுங்க. நல்லா வெய்யுங்க, அது என்ன கடிக்கவா போகுது. இப்பக் கண்ணைத் திறங்க. பின்னால வளையம், முன்னால வளையம், ரெண்டும் நேராத் தெரியுதா? கழுத்தைத் திருப்பாம, தோளைத் தூக்காமத் தெரியுதா? அப்படின்னா உங்க துப்பாக்கிங்க இது. மத்தபடி பளபளப்பைப் பாத்து வாங்கறவன் பொண்ணு பாக்கப் போயிட்டு நகையைப் பாத்துட்டு வர்றவன்.

தோட்டாவுலயும் நாலு மாதிரி வாங்கிச் சுட்டுப் பாக்கோணும். விலை ஒசந்ததைக் குடுத்தா இது வீசியெறியும். மட்டமான ஒண்ணை ருசிச்சுச் சாப்பிடும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நாக்கு. அதைக் கண்டுபிடிக்கறதுலயே எனக்கு ஒரு வருசம் சந்தோசமாப் போச்சு. ஞாயித்துக்கிழமையானா வீட்டுல சண்டை. காலையில ஆறு மணிக்குப் பாயைச் சுருட்டிட்டுக் கெளம்பிருவேன். குப்புறப் படுத்து, வாரைக் கையில மாட்டி இறுக்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினா நெஞ்சு அடிக்கறது முன் வளையத்துல தெரியும். துடிச்சு, துடிச்சு, நடுவுல சித்த நேரம் அடங்கும் பாருங்க. உங்களுக்கும் பல்லைப் பிடுங்கறப்ப அப்படி ஒரு நிமிசம் கை அடங்குமே, அதுதான். அந்த நேரத்துல எனக்குக் கடனில்லை, கஷ்டமில்லை, பொண்டாட்டி இல்லை, பட்டறை இல்லை.

லேத் பட்டறை வெச்சிருந்தனுங்க, முப்பது வருசம். இதோட ட்ரிக்கரை நானே அராவினது. வெளியில எவன்கிட்டயும் குடுக்கலை. பொடி அரம், எண்ணெய்க்கல்லு, மூணு மாசம். ஈ வந்து உக்காந்தாப் போதும், சுட்டுரும். கிளப்புல எல்லாரும் வந்து தொட்டுப் பாத்துட்டுப் போவாங்க. நஞ்சப்பன் மட்டும், "நாச்சி, இது ரொம்பச் சன்னம். அடைக்கறப்ப விரல் பட்டா வெடிச்சுப்போயிரும்"ன்னான். பொறாமைன்னு நெனச்சேன். விரலை வெளிய வெக்கத் தெரியாதவனா நானு?

இவ்வளவு நல்ல சாமானை எதுக்கு விக்கறீங்கன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். சொல்றேன். நஞ்சப்பன் சொல்லி நீங்க கேக்கறதுக்கு நானே சொல்லிருவேன். மடியில கனமில்லைன்னா வழியில பயமெதுக்கு?

வருசா வருசம் விஜயதசமிக்குத்தான் நம்ம கிளப்புல கேடயப் போட்டி. மொதல் நாள் ஆயுத பூஜை. துப்பாக்கி எல்லாத்தையும் தொடச்சு வரிசையா ஜமுக்காளத்துல படுக்க வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சுருவோம். அன்னைக்கு எவனும் தொடக்கூடாது. போல்ட்டைக்கூட திறக்கக்கூடாது. அடுத்த நாள் காலையில பூ எடுத்துட்டு, மொத குண்டு யாரு சுடறதுன்னு சீட்டுப் போடுவோம். அப்பறம் போட்டி. அம்பது மீட்டர், பத்துக் குண்டு, ஆளுக்கு ஒரு தாள். இப்ப மாதிரி கம்ப்யூட்டரெல்லாம் இல்லைங்க. சுட்டு முடிச்சதும் தாளை எடுத்துட்டு வந்து, ஓட்டையில அளவுக் கம்பியை விட்டுப் பாத்து மார்க் போடறதுதான். பதினாறு வருசத்துக்கு முந்தின போட்டியில மார்க் போட்டது நஞ்சப்பன். கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாக்கறவன்.

என் தாளைப் பாத்தான். திருப்பிப் பாத்தான். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான். என்னைத் தனியாக் கூப்பிட்டான்.

"நாச்சி, ஓட்டை ஒம்போதுதான் இருக்குது."

"ரெண்டு ஒரே ஓட்டையில போயிருக்கும். நடுவுல பாரு, எத்தனை நெருக்கம்."

"பாத்தேன். கம்பி விட்டுப் பாத்தேன். ஒம்போதுதான்."

"பத்துச் சுட்டேன், பத்துக் கூடு கெடக்குது. எண்ணிக்க."

"கூடு பத்துதான். அதனாலதான் கேக்கறேன். ஒண்ணு எங்க போச்சு?"

ஒரே ஓட்டையில ரெண்டு போறது எங்க ஆட்டத்துல நடக்கறதுதானுங்க. நல்லா சுடறவனுக்கு நடக்கும். கெட்டவனுக்கு நடக்காது. அதுனால அப்படிச் சொன்னா ஒரு மரியாதைகூட. நான் கமிட்டிகிட்டப் போனேன். சத்தம் போட்டேன். முப்பது பேர் முன்னாடி, இவன் ரெண்டு வருசமா மூணாவது இடத்துக்கு மேல வரலை, அந்த வயித்தெரிச்சல்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. தலைவருக்குச் சாப்பாட்டுக்கு நேரமாயிருச்சு. "நாச்சிமுத்து பொய் சொல்ற ஆளில்லை"ன்னு பத்துப் போடச் சொல்லிட்டாரு. கேடயம் எனக்கு. நஞ்சப்பன் பேனாவை மூடிச் சட்டைப் பையில வெச்சுட்டு, "மண்ணு மேட்டுக்கு அக்கட்ட, அந்தப் பக்கம் ஒருதரம் போய்ப் பாத்துட்டு வரலாம் நாச்சி, நானும் வர்றேன்"ன்னான். நான் போகலை. எதுக்குப் போகோணும்? பத்தும் தாள்லதான் இருக்குதுன்னு சொல்லிட்டு, மேட்டுக்கு அக்கட்ட போய்த் தேடினா என்ன அர்த்தம்?

குறிக்குப் பின்னால மண்ணு மேடு இருக்குதே, பாத்திருப்பீங்க. பன்னெண்டடி. அதுக்கு அக்கட்ட பள்ளம். பள்ளத்தைத் தாண்டினா தென்னந்தோப்பு. கிட்ட இல்லைங்க, நானூறு மீட்டருக்குக் குறையாது.

கேடயம் வாங்கிட்டு, கழுத்துல மாலையோட எல்லாரும் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனோம். அங்கதான் பேச்சு அடிபட்டுச்சு. தோப்புல தேங்கா போட ஏறினவன் மரத்துல இருந்து விழுந்துட்டான். மாரப்பன்னு பேரு. பத்தரை மணிக்கு விழுந்திருக்கான். பண்டிகை நாளு, தோப்புல வேற ஆளில்லை. பன்னெண்டு மணிக்கு ஒரு ஆட்டுக்காரன் பாத்திருக்கான். அதுவரைக்கும் உசிரு இருந்துச்சாம். பத்தரை பஸ் போறப்ப விழுந்தேன்னானாம், தண்ணி கேட்டானாம்.

பத்தரை மணிக்கு நாங்க சுட்டுட்டு இருந்தோம்.

நான் எந்திரிச்சு எழவு வீட்டுக்குப் போயிட்டேன். ஏன் போனேன்னு கேட்டா, ஒரு மனுசன் செத்தா போறது வழக்கந்தானே? வேற மாலை வாங்க நேரமில்லை. கழுத்துல கெடந்ததைக் கையில எடுத்துக்கிட்டேன். ரோஜா மாலை, ஜரிகை சுத்தினது. அதையே போட்டேன். குளிப்பாட்டிக் கெடத்தியிருந்தாங்க. நெத்தியில காசு, மூக்குல பஞ்சு. அதெல்லாம் வழக்கம். தாடைக்குக் கீழயும் கொஞ்சம் பஞ்சு இருந்துச்சு டாக்டர். இங்க. எலும்பில்லாத இடம், உங்களுக்குத் தெரியும். பக்கத்துல இருந்த கிழவன்கிட்ட, இது என்னங்கன்னேன். மட்டை குத்திருச்சுன்னான். சரின்னேன். மட்டை குத்தும். விழறப்பக் குத்தும். போலீசுக்குச் சொன்னா அறுத்துருவாங்கன்னு, யாருக்கும் சொல்லாமப் பொழுது சாயறதுக்குள்ள புதைச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்து என் சம்சாரத்துகிட்ட, "நான் சும்மாதான் போனேன், ஒரு மரியாதைக்கு"ன்னேன். "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேங்கறாப்பல இருக்குது. உங்களை இப்ப யாரு கேட்டாங்க?"ன்னா. அவளுக்கு எப்பவும் அப்படித்தான் பேச்சு.

அதுக்கப்பறமும் நான் சுடாம இல்லைங்க. ஞாயித்துக்கிழமை தவறாமப் போனேன். ஆனா ஒம்போதோட நிறுத்திக்குவேன். வயசாச்சு, பத்தாவதுக்குக் கண்ணு கூசுது, அவ்வளவுதான். ஒம்போது சுட்டதும் காது அடைச்சுக்கும். அடைச்ச காதுக்குள்ள ஒசரத்துல யாரோ எண்ணற மாதிரி இருக்கும். நிமிந்து பாத்தா வானந்தான். பத்தாவது குண்டு பாய்மேல கெடக்கும். அதைச் சட்டைப் பையில போட்டுட்டு வீட்டுக்கு வந்துருவேன். போட்டிக்குப் பேரு குடுக்கறதில்லை. ஏன்னு கேட்டா, வாங்க வேண்டியதெல்லாம் வாங்கியாச்சுன்னு சொல்லிருவேன்.

இந்த வாசல்ல மூணு தென்னை இருந்துச்சு. வெட்டிட்டேன். ஓட்டு மேல தேங்கா விழுந்து ஓடு ஒடையுது பாருங்க. ஓடு ஒடையறது பத்தி ஒண்ணுமில்லை, மாத்திக்கலாம். அந்தச் சத்தம் ஆகலை. 'தொம்'முனு ஒண்ணு. அப்பறம் ஒண்ணுமே இல்லாம இருக்குமே, அது ஆகலை.

அந்த மாரப்பன் சம்சாரம் பூவாத்தா. ஒரே பொண்ணு, செல்வி. நான் விட்டுரலைங்க. பொங்கலுக்குத் துணி, பள்ளிக்கூடம் திறந்தா நோட்டுப் புத்தகம், செல்வி நர்சிங் படிக்க எடம். எல்லாம் நாந்தான் பாத்தேன். ஊருல நாலு பேர் நாலு விதமாப் பேசினாங்க, பேசட்டும்னு விட்டுட்டேன். உதவி பண்ண மனசிருந்தாப் போதாதுங்களா, காரணம் வேணுமா? பூவாத்தா வாங்கிக்குவா. வேண்டாம்னு சொன்னதில்லை. மவராசனா இருங்கன்னும் ஒருநாளும் சொன்னதில்லை. வாங்கிட்டு, வாசல்ல நின்னுக்கிட்டு என்னையே பாத்துட்டு இருப்பா. இன்னும் ஏதோ குடுக்க வேண்டியிருக்கற மாதிரி. பேராசைக்காரின்னு நெனச்சுக்குவேன்.

அந்தத் தாளு இன்னும் என்கிட்ட இருக்குது. அளவுக் கம்பியும் ஒண்ணு நானே கடைஞ்சு வெச்சிருக்கேன். தெனமும் காலையில காப்பி குடிச்சதும் நடுவுல இருக்கற அந்தப் பெரிய ஓட்டையில விட்டுப் பாப்பேன். சில நாளு ரெண்டு போன மாதிரி இருக்கும். அன்னைக்கு நல்லாச் சாப்பிடுவேன். சில நாளு ஒண்ணுதான்னு இருக்கும். இப்ப விட்டு விட்டு அந்த ஓட்டை பெருசாகிப் போச்சு. இப்ப மூணு போயிருக்குதுன்னு சொன்னாக்கூட நம்புவாங்க.

பத்து நாளைக்கு முன்னாடி பூவாத்தா இங்க வந்தா. அவளா என் வீட்டுக்கு வந்தது அதுதான் மொத தடவை. புறவழிச்சாலை போடறாங்களே, அதுல அவங்க சுடுகாடு போகுது. அவங்கவங்க எலும்பை எடுத்து வேற எடத்துல வெச்சுக்கச் சொல்லிட்டாங்களாம். "புதன்கெழமை தோண்டறமுங்க. நீங்க வந்து நிக்கோணும்"ன்னா. உறவுக்காரங்க இல்லையான்னேன். "இருக்கறாங்க. நீங்களும் நில்லுங்க"ன்னா.

எனக்குச் சோறு எறங்கலை டாக்டர். உள்ளதைச் சொல்றேன், பயந்துட்டேன். சதை போயிரும், எலும்பு நிக்கும். ஈயம் அழியாது. ஈயம் எங்க இருந்துச்சோ அங்கயே கெடக்கும்.

போனேன். போன புதன். ரெண்டு பேர் தோண்டினாங்க. மொதல்ல வேட்டிக் கரை வந்துச்சு, அப்பறம் எலும்பு. செல்வி ஒவ்வொண்ணா வாங்கி, பாலுல கழுவிப் பானையில வெச்சா. கடைசியா மண்ணைச் சல்லடையில போட்டுச் சலிச்சாங்க, பல்லு ஏதும் தப்பிப் போகக்கூடாதுன்னு. நான் சல்லடைக்குப் பக்கத்துலயே குந்திக்கிட்டேன். ஒவ்வொரு கல்லையும் பாத்தேன். கல்லு, வேரு, ரெண்டு பல்லு, நெத்திக்காசு. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்லை.

எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. சுடுகாட்டுல நின்னுக்கிட்டு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பத்து. பத்தும் தாள்லதான். பதினாறு வருசம் வீணா வெசனப்பட்டிருக்கேன். அப்படியே போய் நஞ்சப்பன் கையைப் புடிச்சு, பாத்தியாடான்னு கேக்கோணும்னு தோணுச்சு. வண்டிச் சாவியை எடுத்துட்டேன்.

"என்னங்க தேடறீங்க?"

பூவாத்தாதான். ஒண்ணுமில்லைன்னேன். இடுப்புல இருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தா. வெத்தலை போடப் போறாளாக்கும்னு நெனச்சேன். மூடியைத் திறந்து நீட்டினா. உள்ள சுண்ணாம்பு இல்லை. வெள்ளைப் பூத்து, ஒரு பக்கம் நசுங்கி, புளியங்கொட்டையில பாதி இருக்கும். கையில எடுக்காமலே தெரிஞ்சுது எனக்கு. முப்பது வருசம் அதைத்தானே எடுத்து எடுத்துத் துப்பாக்கியில வெச்சிட்டிருந்தேன்.

"கழுவறப்பத் தோலுக்குக் கீழயே கையில தட்டுச்சுங்க. அமுக்கினேன், வந்துருச்சு. வெளிய சொன்னா அறுத்துருவாங்கன்னு எங்க மச்சாண்டாரு சத்தியம் வாங்கிட்டாரு. யாருது, எவருதுன்னு ஒண்ணும் தெரியலைங்க அப்ப. சித்த நேரத்துல நீங்க மாலையோட வந்து நின்னீங்க. உங்களை எங்களுக்கு முன்னப்பின்ன தெரியாதுங்களே."

நான் வண்டிச் சாவியைத் திரும்பச் சட்டைப் பையில போட்டேன்.

"சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. துணி கொண்டாந்து குடுக்கறப்பெல்லாம், சரி, இன்னைக்குச் சொல்லிருவாருன்னு வாசல்லயே நிப்பேன்."

அவ அழுகலைங்க. சத்தம் போடலை. செல்வி அந்தப் பக்கம் பானையைத் துணியில கட்டிட்டு இருந்தா. அந்தப் புள்ளைக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியலை.

"அவரு மரத்து மேல இருந்து எண்ணிக்கிட்டு இருப்பாருங்க. கிளப்புக்காரங்க ஆளுக்குப் பத்துப் பத்தாச் சுடறாங்க பூவான்னு வந்து சொல்லுவாரு. அந்தப் பத்துல இது எத்தனாவதுங்க?"

பதினாறு வருசமா என் வாயால யாருகிட்டயும் சொல்லாததைக் கேட்டுட்டா. எனக்குத் தெரியும் டாக்டர். எப்பவுமே தெரியும். போல்ட்டை அடைக்கறப்ப விரல் ட்ரிக்கர்ல இருந்துச்சு. துப்பாக்கி மூக்கு மேல தூக்கியிருந்துச்சு. வெடிச்சிருச்சு. அப்படி ஆனா கையைத் தூக்கோணும். கையைத் தூக்கினா எல்லாருமே சுடறதை நிறுத்துவாங்க, அதிகாரி வருவாரு, மேட்டுக்கு அக்கட்ட ஆள் போய்ப் பாத்துட்டு வரோணும். அதான் சட்டம். அந்தக் குண்டுக்கு முட்டை மார்க். கேடயம் போயிரும். ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்தேன். எல்லாரும் சுட்டுட்டு இருந்தாங்க, ஒருத்தனும் கவனிக்கலை. கூடு வெளிய விழுந்துச்சு.

"நாலாவது"ன்னேன்.

பூவாத்தா டப்பியை மூடினா. மூடிட்டு, இடுப்புல சொருகிக்கிட்டா. அப்பறம் கேட்டா.

"அதுக்கப்பறமும் ஆறு சுட்டீங்களா?"

ஆமான்னேன். ஆறும் நடுப்பொட்டுலதான் விழுந்துச்சுங்க டாக்டர்.